முறுமுறுக்காமல்

என் அன்பான அப்பா,

இல்லை, இன்னும் அச்சாகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். சபைப் பத்திரிகை வந்துவிட்டதா, கடைசிப் பக்கத்தில் யார் பெயர் என்று. இந்த மாதம் உங்கள் பெயர். அந்த அரைப் பக்கத்தை நான் எழுத வேண்டும். எழுதினேன். திருத்தினார்கள். மறுபடி எழுதினேன். இப்போது எல்லாம் ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. எரிச்சலாக இருக்கிறது அப்பா. துக்கப்பட ஆசைதான். அதற்கு நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

உங்களுக்கு எழுதினாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள். சென்னையில் என்னோடு படித்தவர்கள் நடத்தும் சின்னப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அதைப் படிக்கிறவர்களில் பலருக்கு உபதேசியார் என்றால் யார் என்று தெரியாது. சொல்லிவிடுகிறேன். ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துகிறவர் உபதேசியார். ஐயர் என்றால் எங்கள் பேச்சில் பாதிரியார். இதைச் சொல்லாவிட்டால் அவர்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்வார்கள். நோயாளி வீட்டுக்குச் சைக்கிளில் போய் ஜெபம் செய்கிறவரும் உபதேசியார்தான். யாராவது இறந்தால் சபைப் பத்திரிகையில் நாலு வரி எழுதுகிறவரும் அவரே.

சூலூருக்கு இந்தப் பக்கம், நம் சபையில், நான் பிறப்பதற்கு முன்னிருந்தே நீங்கள்தான் அந்த வேலையைச் செய்தீர்கள். காட்டுக் கூலிகளாக இருந்து மில்லுக்குப் போனவர்களின் சபை. அவர்களுடைய பெயர் அச்சில் வருவது அந்த ஒரு தடவைதான்.

நாலு வரியில் மூன்று மாறும். பெயர், ஊர், விட்டுச் சென்ற பிள்ளைகள். கடைசி வரி மாறாது.

'பாடுகளை முறுமுறுக்காமல் சகித்து, கர்த்தருக்குள் நித்திரையானார்.'

ஆணுக்கும் இதே வரி, பெண்ணுக்கும் இதே வரி. பாம்பு கடித்து இறந்த வாய்க்கால்காரருக்கும் இதே வரி. பாம்பு கடித்தவருக்கு முறுமுறுக்க நேரம் ஏது என்று சின்ன வயதில் நான் கேட்டேன். சிரித்துவிட்டீர்கள். பிறகு சிரித்ததற்காக என்னை ஜெபம் பண்ணச் சொன்னீர்கள்.

முறுமுறுப்பு. நம் வேதத் தமிழில் இது பெரிய பாவம். வனாந்தரத்தில் தண்ணீர் இல்லை என்று ஆண்டவரையே குறை சொன்னவர்கள் செய்தது. நம் வீட்டில் குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னால்கூட அந்தப் பாவத்தில் சேரும். சென்னையில் படிக்கப் போன முதல் வாரம், விடுதியில், தோசை முறுமுறுவென்று வேண்டும் என்று ஒருத்தி கேட்டபோது எனக்குத் திக்கென்றது. மற்றவர்களுக்கு அது சாப்பாட்டுச் சொல். எனக்கு மட்டும் இன்னும் இல்லை.

சரி. இப்போது உங்கள் விஷயம்.

வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பினார். நான் வேலை பார்க்கும் காலேஜில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். கட்டில், கட்டிலடியில் வாளி, பக்கத்தில் பாயில் அம்மா.

அந்தக் கட்டிலில்தான் உங்கள் தமிழ் மாறியது. முதலில் நான் கவனித்தது அதைத்தான், மன்னியுங்கள், படிப்பு அப்படி. நீங்கள் ஜெபிக்கும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. ஜெபத்தில் 'தேவரீர்' வரும். 'கிருபை கூர்ந்தருளும்' வரும். கண்ணை மூடினால் அந்தத் தமிழ் தானாக வந்துவிடும் உங்களுக்கு. ஒரு மத்தியானம் அது கழன்று விழுந்தது.

"ஏனுங்க ஆண்டவரே, கேக்குதுங்களா? இங்கொரு ஆளு கெடக்கறது தெரியுதுங்களா?"

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற குரல். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன், யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து.

"இது நல்லா இல்லீங்க. நீங்க பண்றது கொஞ்சங்கூட நல்லா இல்லீங்க. உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?"

அவ்வளவு வலியிலும் அந்த 'ங்க' போகவில்லை. சூலூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பும் விமானம் நம் கூரைக்கு மேல் போகும்போது நிறுத்துவீர்கள். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவீர்கள். மூன்றாம் ஆள் குறுக்கே பேசிவிட்டுப் போன மாதிரி.

அம்மா ஜன்னலைச் சாத்தினாள். சாமியை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி ஏனுங்க என்கிறீர்களே, ஊர் கேட்கிறது என்றாள். கேட்கட்டும், கேட்க வேண்டியவர் கேட்கவில்லையே என்றீர்கள். ஜன்னல் சாத்தியே இருந்தது. அறை வெந்தது.

ஐயர் சபையாரோடு வந்தார். நாற்காலி போதாமல் நின்றுகொண்டு பாடினார்கள். "பாட்டை நிறுத்துங்க ஐயரே, வலிக்குது" என்றீர்கள். அவர்கள் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு மிச்சச் சரணங்களையும் பாடி முடித்தார்கள். பாதியில் விட்டால் பாட்டுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும். நான் வாளியைக் கழுவக் கொண்டு போனேன்.

பிறகு மார்த்தாள் அக்கா வந்தாள்.

மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்க்கிறவள். அவள் புருஷன் பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் சயரோகம் வந்து இறந்தது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. அதற்குப் பிறகு ரொம்பக் காலம் அவள் கோயிலுக்கு வரவில்லை. விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அவளுக்காக ஜெபித்தீர்கள், தேவரீர் தமிழில்.

அன்று ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு, கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள். நீங்கள் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆள் வந்தது தெரிந்தும் நிறுத்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆறுதல் சொல்ல வந்தவள் மாதிரி இல்லை. கச்சேரி கேட்க உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள்.

"உபதேசியாரே, இன்னைக்குத்தானுங்க நீங்க பேசறது எனக்கு வெளங்குது" என்றாள்.

நீங்கள் தலையைத் திருப்பினீர்கள்.

"என்ற ஊட்டுக்காரரு போனப்ப நான் கத்துனது மில்லுச் சங்கையும் தாண்டிக் கேட்டுச்சு. போறதுக்கு முந்தி அவரும் கத்தினாரு. ரெண்டு பேரும் ஆண்டவரை வெச்சு வாங்கினோம். அடுத்த மாசம் கோயில்ல நீங்க பத்திரிகையைப் படிக்கறீங்க, முறுமுறுக்காமல் சகிச்சாருன்னு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. அப்பக் கத்துனது ஆருங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டாள். அன்று கத்தியது தான் இல்லை என்றால், தான் யார், தன் புருஷன் யார். அதனால்தான் கோயிலுக்கு வரவில்லையாம். வேறு யாரையோ பற்றிப் படிக்கிறார்கள், நமக்கு அங்கே என்ன வேலை என்று.

அவள் கஞ்சி குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, மார்த்தாள் புருஷனுக்கு நான் என்ன எழுதினேன் என்று கேட்டீர்கள். என்ன எழுதியிருப்பீர்கள் அப்பா? எல்லோருக்கும் எழுதியதைத்தான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். பிறகு "கண்ணு, எனக்கு" என்று தொடங்கினீர்கள்.

அத்தோடு வலி வந்துவிட்டது. அந்த வாக்கியம் முடியவே இல்லை.

எனக்கு என்ன? எனக்கு அதை எழுதிவிடாதே என்றா? எனக்கும் அதையே எழுது என்றா? இத்தனை நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் கடைசி வரி எழுதினவர் தன்னுடைய கடைசி வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் எப்படி? அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தாகமா இருக்குதுன்னு சொல்ல வந்திருப்பாரு" என்றாள். இருக்கலாம்.

இன்னொன்றும் கேட்டேன் உங்களிடம், அம்மா வெளியே போயிருந்தபோது. இன்னமும் நம்புகிறீர்களா அப்பா என்று. அது கேட்கக்கூடிய கேள்வியா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். அதை வாந்தி எடுத்தீர்கள். வாயைத் துடைத்துவிட்டேன்.

"அவரையே கேளு. எனக்குத்தான் பதில் சொல்ல மாட்டேங்கறாரு. உனக்காச்சும் சொல்றாரான்னு பார்க்கலாம்."

சிரித்தீர்களா, முகம் வலியில் கோணியதா? அதுவும் தெரியவில்லை.

ஊசி மருந்து தீர்ந்துபோய் நான் கோயமுத்தூர் போயிருந்த ஒரு பிற்பகல். மருந்தோடு திரும்பி வந்தபோது வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே போகாமலே தெரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த வாரம் ஐயர் வந்தார். அம்மணி, எம்.ஏ. படித்திருக்கிறீர்கள், அப்பாவுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள், அரைப் பக்கம் தருகிறேன் என்றார். மற்றவர்களுக்கு நாலு வரி, உங்களுக்கு அரைப் பக்கம். பெரிய மரியாதை. ஒப்புக்கொண்டேன்.

முதலில் எழுதியது வெட்கக்கேடு. 'கட்டில். வாளி. சாத்திய ஜன்னல். வெறுமை.' என் நண்பர்களுக்குப் பிடித்திருக்கும். வெறுமை என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. அந்த அறையில் வெறுமை எங்கே இருந்தது? ஈ இருந்தது. அம்மா இருந்தாள். விடாமல் பாடுகிற சபை இருந்தது. நீங்கள் சண்டை போட்ட அந்த ஆள் வேறு இருந்தார். நிற்க இடமில்லை. நாங்கள் சென்னையில் ராத்திரி பகலாகப் பேசி வளர்த்த 'வெறுமை'யும் உங்கள் 'முறுமுறுக்காமல்' மாதிரிதான். யார் செத்தாலும் பொருந்தும்.

கிழித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினேன். பிறந்தது, உபதேசியார் ஆனது, சைக்கிள். பிறகு: 'வயிற்றில் கட்டி வந்து பல மாதம் வேதனைப்பட்டார். தூக்கம் இல்லை. முறுமுறுத்தார். ஒரு பிற்பகலில் இறந்தார்.'

ஐயர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மணி, இது ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டாட்டம் இருக்குதுங்க."

நடந்தது இதுதானே என்றேன்.

"நடந்ததுதானுங்க. நான்தான் பார்த்தனே. நடந்ததையெல்லாம் அச்சுல போடோணுமுங்களா?"

சபைக்கு இடறலாகும் என்றார். நம்மவர்களுக்குத் தெரிந்த சொல்தான். ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் கால் தடுக்கி விழுவது. உபதேசியாரே முறுமுறுத்தார் என்றால் சாதாரண விசுவாசி என்ன ஆவான்? நான் மார்த்தாள் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவள் விழுந்தது எந்தக் கல்லில் தடுக்கி என்று கேட்டேன். ஐயர் டீயைக் குடித்தார். நல்ல மனிதர்தான் அப்பா. எத்தனையோ வீட்டில் அழுதிருக்கிறார். அழுததை எழுதக்கூடாது என்கிறார், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்கிறவரும் இவரே. சிலுவையில் தொங்குகிறவர் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்துகிற இடம் வரும்போது இவரும் கத்திக் காட்டுவார். ஆண்டவரின் குமாரன் மலை உச்சியில், எல்லோர் முன்னாலும், 'ஏன்' என்று கேட்கலாம். சூலூர்ப் பக்கத்து உபதேசியார் கட்டிலில் படுத்துக்கொண்டு 'ஏனுங்க' என்று கேட்டால் இடறல்.

கடைசியில், சரி, பிரசுக்கு அனுப்புகிறேன், புரூப் வரட்டும், பிழை திருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

புரூப் தபாலில் வந்தது. மை வாசனை. அரைப் பக்கமும் நான் எழுதியபடியே இருந்தது. முடிவு மட்டும் இப்படி: 'வயிற்றில் கட்டி வந்து பல மாதம் வேதனைப்பட்டார். தூக்கம் இல்லை. பாடுகளை முறுமுறுக்காமல் சகித்து, கர்த்தருக்குள் நித்திரையானார்.'

தூக்கம் இல்லை. நித்திரையானார். அடுத்தடுத்து.

ஐயர்தான் மாற்றிவிட்டார் என்று ஆத்திரத்தோடு போனேன். அவர் சத்தியம் பண்ணாத குறை. "நான் ஒரு எழுத்தையும் தொடலீங்க அம்மணி." பிறகு புரூப்பைப் பார்த்துவிட்டு, தானாக வந்ததென்றால் அது நல்லதற்குத்தான் வந்திருக்கும் என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்கக்கூட முயலவில்லை.

உக்கடத்துக்கு பஸ் ஏறினேன். குளத்துக்குப் பின்னால் அந்தச் சந்தில் இருக்கும் பிரசை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக் கோக்கிற தாவீது அண்ணனையும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உங்களைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணைச் சுற்றி மை ஒட்டிக்கொண்டது. இவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

புரூப்பைக் காட்டினேன். ஆமாம், நான்தான் சேர்த்தேன் என்றார் பெருமையாக.

"முறுமுறுத்தார்னு இருந்துச்சுங்க. 'க்காமல்' விட்டுப்போச்சு, பாவம் பொண்ணு அழுதுட்டே எழுதியிருக்கும்னு நானே சரி பண்ணிப்போட்டேனுங்க."

விட்டுப்போகவில்லை, அப்படித்தான் எழுதினேன் என்றேன். அவர் என்னையே பார்த்தார். என் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்பது போல.

பிறகு அலமாரியிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். ஈய எழுத்துகள். ஒரு வரி நீளம், சுற்றி நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக, பின்னிருந்து முன்னாகப் படித்தேன். 'பாடுகளை முறுமுறுக்காமல் சகித்து, கர்த்தருக்குள் நித்திரையானார்.'

"மாசாமாசம் ஆராவது போறாங்க. ஒவ்வொருக்காலும் புதுசாக் கோக்கோணுமா, பிரிச்சுப் போடாம கட்டி வெச்சுரு தாவீதுன்னு உங்கப்பாதானுங்க சொன்னாரு. பேரை மட்டும் கோத்து, இதை எடுத்துக் கீழ வெச்சுருவேன்."

கனமாக இருந்தது அப்பா. எத்தனை பேருடைய சாவு அந்த நூலுக்குள்? மார்த்தாள் அக்காவின் புருஷன். பாம்பு கடித்த வாய்க்கால்காரர். அவர்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் கீழே இதே ஈயத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். தேய்ந்து 'மு'வின் சுழி மொண்ணையாகியிருந்தது. இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? வேலை மிச்சம் என்று நினைத்தீர்களா? ஆறுதல் என்று நினைத்தீர்களா? இரண்டும்தானா? எனக்கு உங்கள்மேல் கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது. நீங்களே கட்டிய நூலில் நீங்களே மாட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள், அதை நான் அவிழ்க்க வேண்டும்.

மாற்றித் தாருங்கள் என்றேன். தாவீது அண்ணன் தயங்கினார்.

"உபதேசியாருக்கே முறுமுறுத்தார்னு போட்டுட்டா, நாளைக்கு எங்களுக்கெல்லாம் என்னத்தைப் போடுவீங்க?"

ஐயர் சொன்னால் மாற்றுகிறேன் என்றார். திரும்பி வந்து ஐயரைக் கேட்டேன். உங்கள் அம்மா சரி என்றால் எனக்குத் தடையில்லை என்றார். அம்மா சரி என்று சொல்லவே மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இன்று காலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதியதையும் அச்சில் வந்ததையும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முறுமுறுத்தார் என்ற இடத்தில் கை நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை.

"முறுமுறுத்தாருன்னு போட்டுக்க. ஊரே கேட்டுச்சு. இல்லைன்னு எழுதினா மார்த்தாள் மறுபடியும் வந்து ஆருங்கன்னு கேப்பா."

இறந்தார் என்ற இடத்தில்தான் நின்றது.

"அது என்ன, இறந்தாருன்னு. அவரு தூங்கினாரு."

எரிச்சலில் கத்திவிட்டேன் அப்பா. எத்தனை மாதம் தூங்கவில்லை, நீயும்தானே பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடந்தாய், தூக்கம் என்று எழுதச் சொல்கிறாயே, அது பொய் இல்லையா என்று.

அம்மா கீரைக் காம்பைத் தட்டில் போட்டாள்.

"நீ ஊட்டுல இல்ல. நான் இருந்தேன். அன்னிக்குத் தூங்கினாரு. வாயைத் தொறந்துட்டு, பழைய மாதிரியே கொறட்டை. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு. கேட்டுட்டே இருந்தேன். அப்புடியே நானும் தூங்கிப்போட்டேன்."

அடுத்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு, "எந்திரிச்சுப் பார்த்தா சத்தம் இல்ல" என்றாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. செருப்புகளோடு வந்தவர்களிடம், கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளும் ஒரு கட்டி வைத்த வரியைச் சொல்லியிருக்கிறாள். நிஜத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே மத்தியானத்தில், தூங்கியிருக்கிறீர்கள். ஒருவர் எழுந்தார்.

நித்திரையானார். அந்த ஒரு சொல்லை நான் பொய் என்று அடித்திருந்தேன். அந்த வரியில் அது ஒன்றுதான், உங்கள் விஷயத்தில், எழுத்துக்கு எழுத்து நடந்தது. எனக்கு இதிலும் எரிச்சல்தான். உண்மையை எழுதுகிறேன் என்று கிளம்பினவள் உள்ளதிலேயே உண்மையான சொல்லை முதலில் வெட்டினேன்.

ஆனால் மற்றச் சொல்லை விட மாட்டேன். அம்மாவும் நானும் கீரைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வரி செய்தோம். அதில் 'சகித்து' வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம். வேறு வழி இல்லாததற்குப் பெயர் சகிப்பா? "ஓடியா போனாரு? கெடந்தாரல்ல?" என்றாள் அம்மா. இருக்கட்டும் என்று விட்டேன்.

'பாடுகளை முறுமுறுத்து, சகித்து, கர்த்தருக்குள் நித்திரையானார்.'

நாலைந்து எழுத்துதான் மாறுகிறது. இலக்கணத்தில் சரியாக நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. நிற்காவிட்டால் போகிறது. உங்கள் ஜெபமும் கடைசியில் இலக்கணத்தில் நிற்கவில்லை.

அது ஜெபம்தானே அப்பா? இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. 'தேவரீர்' என்று நீங்கள் கூப்பிட்ட காலத்தில் ஆண்டவர் எங்கோ மேலே இருந்தார் என்று நினைக்கிறேன். 'ஏனுங்க' என்று கூப்பிட்டபோது அவர் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்க வேண்டும். பதில் சொன்னாரா? எனக்குக் கேட்கவில்லை. அன்று பிற்பகல் வந்த தூக்கம் பதிலா, அல்லது முந்தின நாள் ஊசியின் மிச்சமா? அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். உங்களிடம் கேட்கிறேன். முடிந்தால் அவரிடம் நேரிலேயே கேட்டு வையுங்கள்.

ஒரு செய்தி. புது உபதேசியார் வரும்வரை கடைசிப் பக்கத்தை நானே எழுத வேண்டுமாம். ஐயர் கேட்டிருக்கிறார். என்னோடு இவ்வளவு சண்டை போட்டுவிட்டு என்னிடமே கேட்கிறார். சரி என்றிருக்கிறேன்.

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன். யார் போனாலும் அந்த வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்பேன். கத்தினாரா, பேசாமல் இருந்தாரா, யாரைத் திட்டினார், கடைசியில் தூங்கினாரா, பக்கத்தில் யார் தூங்கினார்கள். சொன்னதை எழுதுவேன். சொல்ல வேண்டாம் என்றால் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வேன். ஒருவர் சாவை எடுத்து இன்னொருவர் பெயருக்குக் கீழே வைக்க மாட்டேன். உங்களுடையதையும்.

உங்களைத் திட்டுவதை இன்னும் நிறுத்தாத,
உங்கள் மகள்
லேயாள்

எழுதி முடித்த பிறகு: மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உக்கடம் போனேன். ஐயர் கேட்டபடி, அம்மா தாவீது அண்ணனிடமே சரி என்றாள். தாவீது அண்ணன் நூலை அவிழ்த்து, 'க்காமல்' எடுத்துவிட்டு 'த்து' வைத்தார். அச்சாகும்வரை அங்கேயே இருந்தோம். முடிந்ததும் அவர் புது வரியைக் கட்டி வைக்க நூலை எடுத்தார். வாங்கிக்கொண்டேன். எழுத்துகளை மண்ணெண்ணெயில் துடைத்து, ஒவ்வொன்றாக அதனதன் அறையில் போட்டேன். 'மு' எந்த அறை என்று அவர்தான் காட்டினார்.